படகின் கண்ணும் செசிலியக்காவின் ஊதாங்குழலும்

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சிலர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மொட்டை மாடி வழியாக இவர்கள் கம்பி இறக்கிய ஒரு வீட்டில், மழை பெய்தால் கம்பி இறங்கும் இடத்தில் ஒழுகுகிறதாம். எவ்வளவு சிமெண்டு அப்பியும் நிற்கவில்லையாம். வீட்டுக்காரர் இவர்களை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பியிருக்கிறார். "நீங்களா இருந்தா இன்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள்.

"அதுமேல உட்கார்ந்துடுவேன்" என்றேன்.

கிழவன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கேலி இல்லை. ஒரு தடவை நிஜமாகவே உட்கார்ந்தேன், கொட்டுகிற மழையில், ஓடுகிற படகில். அந்தப் பிள்ளைகளுக்காகவும் இனிமேல் இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காகவும் அதை எழுதிவைக்கிறேன்.

எனக்கு ஊர் கோலியனூர். வேலை பழகியது விழுப்புரத்தில். அங்கே மின்சாரம் வந்த புதிதில் வசதியுள்ள வீடுகளில் சுவரைத் துளைத்து, மரச்சட்டம் அடித்து, கம்பி ஓட்டிக்கொண்டிருந்தோம். சுவர் அசையாது, மழை உள்ளே வராது, வீட்டுக்காரம்மா மோர் கொடுப்பார்கள். இந்த மாதிரி சொகுசான இடத்தில் வேலை பழகியவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வருவது சகஜம். எனக்கும் வந்தது. அந்த நினைப்போடு திண்டிவனத்தில் ஒரு பேட்டரிக் கடையில் சேர்ந்தேன். பஸ்களுக்கு விளக்குப் போடுகிற கடை அது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள்.

ஒரு நாள் மரக்காணத்திலிருந்து சவரிமுத்து என்பவர் கடைக்கு வந்தார். உப்பளத்து உப்பைக் கால்வாய் வழியாக வடக்கே ஏற்றிப்போகும் பாய்மரப் படகு ஒன்று அவருக்குச் சொந்தம். கடை வாசலில் நின்ற பஸ்ஸின் முன்விளக்கைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி லைட்டு ஒண்ணு நம்ம படகுக்குப் போடணுங்க. பாய்மரத்து உச்சியில."

என் முதலாளி சிரித்துவிட்டார். சவரிமுத்து சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் முன்பு பொழுது சாய்ந்த நேரத்தில் இரண்டு உப்புப் படகுகள் கால்வாயில் நேருக்கு நேர் மோதிவிட்டன. உச்சியில் கட்டியிருந்த மண்ணெண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துபோனதுதான் காரணம். லோடு கொடுக்கிற உப்பு முதலாளி கொதித்துப்போய், காற்றுக்கு அணையாத விளக்கு எந்தப் படகில் இருக்கிறதோ அதற்குத்தான் இந்தப் பருவத்து லோடு என்று சொல்லிவிட்டாராம்.

"மொத லோடு ஏத்திக்கினு போய்க் காட்டணுங்க. லைட்டும் எரியணும், உப்பும் நனையக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் லோடு இல்ல. அப்புறம் படகை வித்துட்டு, வேறொருத்தன் படகுல கோல் ஊணப் போவேண்டியதுதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலாளி என்னை அனுப்பினார். பஸ் பேட்டரி, முன்விளக்கு, கம்பிச்சுருள், திருப்புளி, துளை போடும் துரப்பணம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மரக்காணம் போனேன். நல்ல படகு. உப்பு மூட்டை அடுக்குகிற கிடங்குக்கு மேல் முழுக்கப் பலகைத் தளம் போட்டிருந்தது. சவரிமுத்துவின் மனைவி செசிலி பின்பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். படகில் அவர் சமையல்காரர் மட்டுமல்ல. காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த மதகுக்காரருக்கு மீன் கொடுத்தால் சீக்கிரம் திறப்பார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. முன்பக்கம் கோல் ஊன்ற ஒரு ஆளும் இருந்தார்.

பேட்டரியைக் கிடங்குக்குள் வைப்பது என்று முடிவு செய்தேன். பாய்மர உச்சியிலிருந்து கம்பி இறங்கி, தளப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போக வேண்டும். விழுப்புரத்து வழக்கப்படி குரலை உயர்த்திக் கேட்டேன்.

"ஓட்டை எங்க போடட்டும்?"

படகில் அவ்வளவு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். செசிலியக்கா கையிலிருந்த ஊதாங்குழலை என் பக்கம் நீட்டினார்.

"வாயக் கழுவுய்யா."

"இன்னாக்கா?"

"வாயக் கழுவுன்னேன். மொதல்ல கழுவு. அப்புறம் பேசு."

அவர்கள் படகில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லையாம். சொன்னவன் கால்வாய்த் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளிக்க வேண்டுமாம். மற்றப் படகுகளில் எப்படியோ, எனக்குத் தெரியாது. கொப்பளித்தேன். உப்புக் கரித்தது. பிறகு சவரிமுத்து அமைதியாக விளக்கினார்.

"படகுல அதுக்குப் பேரு கண்ணுங்க. ஆணி வெக்கறதா இருந்தாலும் கயிறு வுடறதா இருந்தாலும், கண்ணுன்னுதான் சொல்லணும்."

சரி, கண். பாய்மரத்தின் அடியை ஒட்டி ஒரு கண் வைத்தேன். கம்பியின் நுனியில் பேட்டரியைக் கவ்வுகிற பித்தளைப் பிடி இருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை மட்டும் நுழைத்திருந்தால் சின்னக் கண் போதும். எனக்குக் கழற்றி மாட்டச் சோம்பல். பிடியோடு நுழைகிற அளவுக்குப் பெரிய கண்ணாக வைத்தேன்.

சவரிமுத்து உடனே குங்கிலியக் குழம்பு கொண்டுவந்தார். படகுப் பலகையின் சந்துகளை அடைக்கிற குழம்பு அது. அதை ஊற்றிக் கண்ணை நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்றார். நான் கூடாது என்றேன். பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்க்க வேண்டும். சாய்க்கும்போது கம்பி இழுபடும். அதற்காகக் கிடங்கில் கொஞ்சம் கம்பியைச் சுருட்டி விட்டிருந்தேன். கண்ணை அடைத்தால் கம்பி நகராது, அறுந்துபோகும். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கிற இடத்தில்தான் வேலை கெடும் என்பதை நீங்களும் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

கடைசியில் துணியை உருட்டி மெழுகில் தோய்த்து ஒரு அடைப்பு செய்தோம். பாய்மரம் சாயும்போது எடுத்துவிடுவது, நிமிர்ந்ததும் செருகிவிடுவது. அந்த வேலை என்னுடையது. முதல் பயணத்தில் கூடவே போகும்படி முதலாளி உத்தரவு.

உப்பு ஏற்றி, தென்காற்றில் பாய் விரித்துப் புறப்பட்டோம். எனக்கு நீச்சல் தெரியாது. கோலியனூர்ப் பிள்ளைக்கு ஏரி என்றால் கரையில் நின்று பார்க்கிற சங்கதி. பலகை ஒவ்வொரு தடவை முனகும்போதும் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டேன். செசிலியக்கா அதைப் பார்த்துவிட்டு, வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, என் மடியில் கொட்டினார்.

"பயமா இருக்குதா தம்பி?"

"அதெல்லாம் இல்லக்கா."

"இருந்தா கண்ண மூடிக்கினு உங்க சாமிய நெனைச்சுக்கோ. எங்க மாதாவையும் வேணா நெனைச்சுக்கோ. கோச்சுக்க மாட்டாங்க."

இந்தப் பேச்சை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஒரு பாலம் வந்தது. விளக்கை அதற்குள் ஏற்றிவிட்டிருந்தோம். பாய்மரத்தைச் சாய்த்தார்கள். நான் அடைப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கம்பி நான் நினைத்தபடியே சுருள் அவிழ்ந்து மேலே வந்தது. பாலம் தாண்டியதும் மரத்தை நிமிர்த்தினார்கள், கம்பி கீழே இறங்கியது. விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. எனக்கு ஒரே பெருமை. திண்டிவனத்துக்குப் போனதும் யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் கோடை மழை பிடித்தது. காற்று ஒரு சுழட்டு சுழட்டி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் தளத்தின்மேல் ஓடியது. இடி தலைக்கு மேலேயே விழுந்ததுபோல் இருந்தது. சுக்கானைப் பிடித்திருந்த சவரிமுத்து பின்னாலிருந்து அலறினார்.

"கண்ண மூடு! ஜல்தி! கண்ண மூடு!"

நான் மூடிக்கொண்டேன். கைகூப்பி, கோலியனூரில் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். இவ்வளவு களேபரத்திலும் என்னுடைய பயத்தை நினைத்துப் பார்க்கிறாரே, என்ன மனிதர் என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

"நல்லா மூடுய்யா!" என்றார் மறுபடியும்.

இன்னும் இறுக்கமாக மூடினேன். மாதாவையும் சேர்த்துக்கொண்டேன்.

காதுக்குப் பக்கத்தில் செசிலியக்காவின் குரல் வெடித்தது. "அடப் பாவி மனுசா! உன் கண்ண இல்லடா! படகோட கண்ண!"

விழித்துப் பார்த்தேன். மரத்தடியில் தேங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு என் பெரிய கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே உப்பு. மடியைத் தடவினேன். மல்லாட்டை இருந்தது, அடைப்பு இல்லை. நான் கைகூப்பிய நேரத்தில் அது உருண்டு கால்வாயில் விழுந்திருக்கிறது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் திணித்தேன். துண்டு தண்ணீரைத் தடுக்கவில்லை, தான் குடித்து நனைந்த பிறகு மிச்சத்தைக் கீழே சொட்டியது.

செசிலியக்கா அதற்குள் கிடங்கில் இறங்கிவிட்டார். "மூட்டை மேலயே வுழுது!" என்று கத்தினார். கையோடு கொண்டுபோன சாதப் பானையைக் காலி பண்ணி, ஒழுகுகிற இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பின்பக்கம் அடுப்பருகில் அவருடைய ஊதாங்குழல் உருண்டுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது. அந்தக் குழலைக் கண்ணில் செருகி நிமிர்த்தி வைத்தால், தளத்தில் ஓடுகிற தண்ணீர் குழலைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர அதன் வாய்க்கு ஏறாது. கம்பியை அந்த வாய் வழியாக இறக்கலாம். ஆனால் குழலுக்குள் கம்பியைக் கோக்க வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றினால் விளக்கு அணையும்.

"அண்ணே! லைட்ட கொஞ்ச நேரம் அணைக்கணும்!"

"யோவ், எதிர்ல பார்யா!"

மழைக்குள்ளிருந்து ஒரு படகு வந்துகொண்டிருந்தது. சவுக்குக் கட்டை ஏற்றிய பெரிய படகு, விளக்கில்லாமல். கால்வாய் அங்கே குறுகல். எங்கள் விளக்கை வைத்துத்தான் அவர்கள் ஒதுங்க வேண்டும். விளக்கு அணைந்தால் படகு போகும், அணைக்காவிட்டால் உப்பு போகும். எது போனாலும் சவரிமுத்துவின் பிழைப்பு போய்விடும். வேலையில் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள், தரவும் முடியாது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கண் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நன்றாகச் சம்மணம் போட்டு, முழு எடையோடு உட்கார்ந்தேன். கம்பி என் இரண்டு தொடைக்கும் நடுவில் மேலே ஏறிப்போனது. ஆறு வோல்ட்டு பேட்டரி, ஷாக் அடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெரிந்த மாதிரி உடம்பு நடந்துகொள்ளவில்லை. தளத்துத் தண்ணீர் நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கீழே போனது.

பலகைக்கு அடியிலிருந்து செசிலியக்கா பேசினார். "கொஞ்சம் எடப்பக்கமா நகரு தம்பி. ஆங், ஓரத்துல ஒழுகுது."

"இப்போக்கா?"

"இப்ப செரி. அசையாத."

"கால் மரத்துப்போச்சுக்கா."

"பானை பிடிச்சு எனக்குக் கை மரத்துப்போச்சு. நான் சொன்னனா?"

முன்பக்கத்து ஆள் கரையில் மோதாமல் ஊன்றுகிற கோலை விட முடியாது. சுக்கானைப் பிடித்த சவரிமுத்து அதை விட முடியாது. பானையைப் பிடித்த அக்கா அதை விட முடியாது. நான் எழுந்திருக்க முடியாது. நான்கு பேரும் அவரவர் இடத்தில் மாட்டிக்கொண்டு, எதிர்ப் படகு எப்போது தாண்டும் என்று மாறிமாறிக் கத்திக்கொண்டிருந்தோம். அந்தப் படகு எங்களை ஒட்டினாற்போல் நகர்ந்துபோனது. அதிலிருந்த ஒருவன், "லைட்டு ஜோரா எரியுதுய்யா! அடியில யாரு, பிள்ளையாரா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அது தாண்டியதும் விளக்கை அணைத்தேன். கம்பியைக் கழற்றி, பித்தளைப் பிடியையும் எடுத்துவிட்டு, குழலுக்குள் கோத்தேன். குழலின் அடியில் துண்டைச் சுற்றிக் கண்ணில் இறுகச் செருகினோம். சோம்பலில் பெரிதாக வைத்த கண் அந்தக் குழலுக்குச் சரியாக இருந்தது, என் அதிர்ஷ்டம். இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மரத்தின் வழியே வருகிற கம்பியை நேராகக் குழலுக்குள் விடாமல், வாய்க்குக் கீழே தொப்பையாகத் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற தண்ணீர் அந்தத் தொப்பையின் அடியில் சொட்டிவிடும், ஏறி உள்ளே போகாது. மரம் சாயும்போது இழுத்துக்கொள்ள அந்தத் தொப்பையே போதும். குழலின் வாயில் மழை விழாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டினோம். மறுபடி விளக்கு எரிந்தது. சொட்டு நின்றது. செசிலியக்கா பானையோடு மேலே வந்து, என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காலையில் உப்பு இறக்குகிற துறையில் உப்பு முதலாளியே வந்து நின்றார். பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தார். பகலில் விளக்கை ஏற்றச் சொன்னார், அணைக்கச் சொன்னார். பிறகு கிடங்கில் இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கண்ணுக்கு நேர் கீழே இருந்த மூட்டையின் மேல் செசிலியக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முதலாளி எல்லா மூட்டையையும் பார்த்து முடிக்கிறவரை அவர் எழுந்திருக்கவேயில்லை. உட்கார்ந்தே காரியம் சாதிப்பதை உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று அப்புறம் என்னிடம் சொன்னார்.

"செரி சவரி. இந்தப் பருவம் உனக்குத்தான்" என்றார் முதலாளி.

சவரிமுத்து தளத்தில் குனிந்து அந்தக் குழலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இனிமே இத யாரும் எடுக்கக் கூடாது" என்றார்.

"அப்ப நான் அடுப்பு எப்படி ஊதறது?" என்றார் அக்கா.

சவரிமுத்து சிரட்டையைக் கட்டிய கயிற்றை இன்னும் இறுக்கினார்.

இப்போது மொட்டை மாடிக்கு வருகிறேன். சிமெண்டை அப்புவதை நிறுத்துங்கள். தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு மேலே உயர்த்திக் குழாயை வையுங்கள், அதன் வாயைக் கீழ்நோக்கி வளையுங்கள், கம்பிக்கு ஒரு தொப்பை விடுங்கள். அவ்வளவுதான், ஒரு பலகாரம் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொருவர் வேலையில் ஒரு குழாயைப் பார்த்தீர்கள் என்பதற்காக நீங்களும் ஒரு குழாயை நட்டுவிடாதீர்கள். அது அங்கே எதற்காக நிற்கிறது என்று கேளுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த பருவத்தில் பேட்டரி மாற்ற மறுபடி மரக்காணம் போனேன்.

துறையில் வரிசையாகப் படகுகள் நின்றன. ஒவ்வொரு படகிலும் பாய்மரத்தடியில் ஒரு ஊதாங்குழல் நிமிர்ந்து நின்றது. உச்சியைப் பார்த்தேன். சவரிமுத்துவின் படகைத் தவிர எதிலும் விளக்கு இல்லை, கம்பியும் இல்லை. நல்ல பலகையைத் துளைத்துக் கண் வைத்து, குழலைச் செருகி, மேலே சிரட்டை கவிழ்த்திருந்தார்கள். ஒன்றுக்கு மஞ்சள் பூசிப் பூவும் வைத்திருந்தது. அந்தப் படகுக்காரரிடம் இது எதற்கு என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாத டவுன்காரனாக நினைத்து, பொறுமையாகச் சொன்னார்.

"இது காத்துக் குழலுங்க. வீட்டுக்காரி அடுப்பூதற குழலாத்தான் இருக்கணும், புதுசு வாங்கி வெச்சா பலிக்காது. இத வெச்சா காத்து நம்ம பக்கம் ஊதும், லோடு தானா வரும். சவரிமுத்து பொஞ்சாதியே சொல்லிச்சு."

நேராகச் செசிலியக்காவிடம் போனேன். அடுப்புக்கு முன்னால் கன்னம் உப்ப வாயால் ஊதிக்கொண்டிருந்தார். கண் முழுக்கப் புகை.

"ஏங்க்கா இப்படிச் சொன்னீங்க?"

"லோடு எப்படிக் கெடைச்சுது, லோடு எப்படிக் கெடைச்சுதுன்னு ஒரே பேஜாரு. லைட்டுன்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. எல்லாவனுக்கும் அந்தக் குழலு மேலதான் கண்ணு." இன்னொரு தடவை ஊதி, இருமி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் மட்டும் வாயால ஊதிக்கினு கெடக்கணுமா? எல்லாரு பொண்டாட்டியும் ஊதட்டும்னு சொல்லிட்டேன்."